போனில் எல்லாம் இருக்கு, நமக்கு எது வேணும்?



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவுக்கு வந்த கஷ்டத்தைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்க வேண்டும். குழுவின் பெயர் வேண்டாம். அவர்களே "மத்தவங்களுக்கு இது நடக்கக் கூடாது, எழுதுங்க" என்று சொன்னதால் எழுதுகிறேன்.

அந்தக் குழுவினர் ஆரணிப் பட்டு வாங்கி விற்கிறார்கள். உள்கடன் எடுத்துத்தான் சேலை எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் படம் போட்டார்கள். வெளியூரில் இருந்து ஒருவர் 8,400 ரூபாய் சேலை ஒன்றைக் கேட்டார். கியூ.ஆர். அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில், "பணம் போட்டாச்சு அக்கா, ஸ்கிரீன்ஷாட் பாருங்க" என்று பச்சை நிற டிக் போட்ட படம் வந்தது. அன்று சாயந்திரமே பார்சல் போய்விட்டது. மறுநாள் பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பார்த்தால் பணம் வரவே இல்லை. அந்த நம்பரும் எடுக்கவில்லை.

குழுக் கூட்டத்தில் பிரதிநிதி கேட்ட கேள்வி இதுதான்: "படம் நல்லாப் போச்சு. கியூ.ஆர். நல்லா வேலை செய்யுது. பார்சலும் ஒழுங்காப் போய்ச் சேர்ந்துடுச்சு. மூணும் சரியா இருந்தும் நமக்கு ஏன் நஷ்டம்?"

நல்ல கேள்வி. தறி வைத்திருக்கும் நம் சகோதரிகளுக்கு இதன் பதில் சீக்கிரம் புரியும். பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறோம் அல்லவா? பாவும் நல்ல பட்டு, தறியும் நல்ல தறி. ஆனால் பிணைத்த இடத்தில் இழை மாறிவிட்டால் துணி வீணாகும். இணைய சேவைகளும் அப்படித்தான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்லது. ஒன்றோடு ஒன்றைப் பிணைக்கும் இடத்தில்தான் கோளாறு வருகிறது.

ஆகவே எந்தச் சேவையை எடுப்பது, எப்படிச் சேர்ப்பது என்பதைப் பார்ப்போம்.

சேவை என்றால் என்ன?

நாம் ஒரு விவரத்தைக் கொடுக்கிறோம். அது ஒரு வேலையைச் செய்து ஒரு பதிலைத் தருகிறது. அதுதான் இணைய சேவை. பார்சல் நம்பரைக் கொடுத்தால், பார்சல் எங்கே இருக்கிறது என்று சொல்வது ஒரு சேவை. ஆதார் நம்பரைக் கொடுத்தால் போனுக்கு ஓ.டி.பி. வருவது ஒரு சேவை. ஒரு சேவை தரும் பதிலை அடுத்த சேவைக்குக் கொடுத்தால் அது சேர்க்கை.

நாம் ஒரு தடவை விரலால் தொடுவதற்குப் பின்னாலேயே பல சேவைகள் சேர்ந்து வேலை செய்கின்றன. டீக்கடையில் கியூ.ஆர். காட்டிப் பணம் தருகிறோம். நம் போனில் உள்ள ஆப் நம் பேங்கைக் கேட்கிறது. பேங்க்குகளுக்கு நடுவில் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் நின்று, கடைக்காரரின் பேங்குக்குச் சேதி கொடுக்கிறது. பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. நம் ஆப் வேறு, அவர் ஆப் வேறு, பேங்கும் வேறு. ஆனாலும் பணம் போய்ச் சேருகிறது. 2016-ல் யு.பி.ஐ. என்ற பெயரில் எல்லாருக்கும் பொதுவான ஒரு விதியை வைத்ததால்தான் இது முடிந்தது. முன்பின் தெரியாத இருவர் ஒரே மாதிரி முடிச்சுப் போடக் கற்றுக் கொண்டது போல.

ஆனால் பணச் சேவையையும் பார்சல் சேவையையும் பிணைப்பது யார்? அந்த வேலையை நம் குழுதான் செய்கிறது. அங்கே முடிச்சு நம் கையில்.

முதல் வேலை: தேவையை எழுதுவது

நம்மில் பலர் தலைகீழாக ஆரம்பிக்கிறோம். "பக்கத்துக் குழு அந்த ஆப் வெச்சிருக்காங்க, நாமும் போடலாம்" என்று ஏற்றுகிறோம். பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று யோசிக்கிறோம். சமையலுக்கு முன்னால் யாருக்கு, எத்தனை பேருக்கு என்று கேட்காமல் சந்தைக்குப் போவது போன்றது இது.

தீர்மான நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, வேலையைத் துண்டு துண்டாக எழுதுங்கள். சேலை விற்பதாக இருந்தால் இப்படி வரும்:

1. சேலையைக் காட்ட வேண்டும்.
2. விலை பேசி ஆர்டரை உறுதி செய்ய வேண்டும்.
3. பணம் வர வேண்டும்.
4. பார்சல் போக வேண்டும்.
5. போய்ச் சேர்ந்தது என்று நமக்குத் தெரிய வேண்டும்.
6. பிடிக்கவில்லை என்றால் சேலை திரும்ப வரவும், பணத்தைத் திருப்பித் தரவும் வழி வேண்டும்.

அந்தக் குழுவிடம் இந்தப் பட்டியல் இல்லை. 1, 3, 4 மட்டும் மனசில் இருந்தது. ஆறாவது துண்டைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை.

இரண்டாவது வேலை: தேர்ந்தெடுப்பது

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு மூன்று சேவைகள் கிடைக்கும். எதை எடுப்பது? தேவையை இரண்டாகப் பிரியுங்கள்.

முதலாவது கட்டாயத் தேவை. இது இல்லை என்றால் அந்தச் சேவையே வேண்டாம். உதாரணமாக, வாங்குபவரின் பின்கோடுக்குப் பார்சல் போக வேண்டும், பார்சலுக்கு நம்பர் தர வேண்டும், புகார் சொன்னால் பேச ஆள் வேண்டும், ஜி.எஸ்.டி. எண் கேட்டால் நம்மிடம் அது இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் தள்ளிவிடுங்கள். விலை குறைவு என்று மனசு மாறக் கூடாது.

இரண்டாவது விருப்பத் தேவை. செலவு குறைவாக, சீக்கிரமாக, சுலபமாக, தமிழில் இருந்தால் நல்லது. இதற்கு மார்க் போடலாம்.

எப்படிப் போடுவது? ஒரு கணக்கு பார்ப்போம். பார்சலுக்கு அ, ஆ என்று இரண்டு சேவைகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுகிறோம். பத்திரமாகப் போய்ச் சேருவதில் 'அ'-வுக்கு 9, 'ஆ'-வுக்கு 6. எங்கே இருக்கிறது என்று காட்டுவதில் 'அ'-வுக்கு 9, 'ஆ'-வுக்கு 7. செலவு குறைவில் 'அ'-வுக்கு 5, 'ஆ'-வுக்கு 9.

பட்டுச் சேலைக்குப் பத்திரம்தான் முக்கியம். அதனால் பத்திரத்துக்கு 5 பங்கு, காட்டுவதற்கு 3 பங்கு, செலவுக்கு 2 பங்கு என்று பெருக்கிக் கூட்டினால் 'அ'-வுக்கு 82, 'ஆ'-வுக்கு 69. ஆகவே 'அ'.

அதே குழு ஊதுபத்தி அனுப்புகிறது என்றால்? அங்கே லாபமே சில ரூபாய்தான். செலவுக்கு 5 பங்கு, பத்திரத்துக்கு 3, காட்டுவதற்கு 2 என்று வைத்தால் 'அ'-வுக்கு 70, 'ஆ'-வுக்கு 77. ஆகவே 'ஆ'.

பார்த்தீர்களா? சேவை மாறவில்லை, மார்க்கும் மாறவில்லை. தேவை மாறியதும் விடை மாறிவிட்டது. "எது நல்ல ஆப்?" என்று யாராவது கேட்டால், "எதுக்கு வேணும்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று. எங்கெங்கே என்னென்ன சேவை இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் கையில் இருந்தால் போதாது. 2000-ம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., அரிபா என்ற மூன்று அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து, இணைய சேவைகளுக்கு ஒரு பொதுப் பட்டியலைக் கொண்டு வந்தார்கள். யு.டி.டி.ஐ. என்று பெயர். டெலிபோன் டைரக்டரியில் மஞ்சள் பக்கம் இருந்ததே, அது மாதிரி. அந்தப் பொதுப் பட்டியல் 2006 ஜனவரியில் மூடப்பட்டது. பட்டியல் பெயரைச் சொல்லும். சொன்ன நேரத்தில் வேலை நடக்குமா, ஆள் நம்பகமா என்பதைப் பட்டியலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதைப் பயன்படுத்தியவர்தான் சொல்ல முடியும். நம் கூட்டமைப்பில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். கூட்டத்தில் கேளுங்கள்.

மூன்றாவது வேலை: சேர்ப்பது

சேர்க்கும்போது எது முன்னால், எது பின்னால், எவையெல்லாம் ஒரே சமயத்தில் என்று பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எடுக்கிறோம். இ-சேவை மையத்தில் முதலில் கேன் நம்பர் பதிய வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பம் போகாது. இது முன் பின் வரிசை. கேன் நம்பர் வந்த பிறகு சாதிச் சான்றிதழ் வரும் வரை வருமானத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். இது பக்கவாட்டு வரிசை. இது தெரியாமல், ஒன்று வந்த பிறகு இன்னொன்றுக்குப் போய், காலேஜ் அட்மிஷன் தேதியைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு.

சேர்க்கையில் கணக்கு எப்படி ஓடும் என்பதைத் தெரிந்து கொள்ளுங்கள்.

செலவு கூடும். ஒவ்வொரு சேவையின் கட்டணத்தையும் கூட்டினால்தான் மொத்தச் செலவு தெரியும். பஸ் காசும் நம் கூலியும் இதில் சேரும். வீட்டுக்கு வந்து பார்சல் எடுக்காத சேவை நாற்பது ரூபாய் மிச்சம் என்று போளூருக்குப் பஸ் ஏறினால், அரை நாள் கூலி போய்விடும். ஒவ்வொரு துண்டிலும் மலிவானதை எடுத்தால் மொத்தமும் மலிவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். முழு வழியையும் போட்டுப் பாருங்கள்.

நேரம் முன் பின் வரிசையில் கூடும். பக்கவாட்டில் போட்டால், எது அதிக நாள் எடுக்கிறதோ அத்தனை நாள்தான் ஆகும்.

நம்பகமோ பெருக்கலில் போகும். இதுதான் பலருக்குத் தெரியாது. ஒரு சேவை நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாக வேலை செய்கிறது என்று வைப்போம். நல்லதுதானே? அந்த மாதிரி மூன்றை ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்த்தால், மூன்றும் சரியாக நடப்பது நூற்றுக்குச் சுமார் 73 தடவைதான். ஐந்தைச் சேர்த்தால் சுமார் 59. ஆகவே சங்கிலியை நீளமாக்காதீர்கள். தேவையில்லாத கண்ணியைக் கழற்றி விடுங்கள்.

நான்காவது வேலை: பிணைப்பைப் பார்ப்பது

இங்கேதான் அந்த 8,400 ரூபாய் போனது.

பார்சல் அனுப்பலாமா என்பதற்கு ஒரு பதில் தேவை: "பணம் வந்துவிட்டது." அந்தப் பதிலை யார் சொல்ல வேண்டும்? நம் பேங்க் சொல்ல வேண்டும். நம் ஆப்பில் உள்ள வரவுக் கணக்கு சொல்ல வேண்டும். வாங்குபவர் அனுப்பிய படம் அதைச் சொல்லக் கூடாது. படம் ஒரு சேவை தந்த பதில் அல்ல, ஒரு மனிதர் அனுப்பிய சேதி. அதை யார் வேண்டுமானாலும் தயார் செய்யலாம். இரண்டு சேவைகளுக்கு நடுவில் அந்தப் படத்தை வைத்து முடிச்சுப் போட்டார்கள். முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

ஒரு சேவையின் பதிலை அந்தச் சேவையிடமே நேராகக் கேட்டு வாங்க வேண்டும். இதைக் குழு நோட்டின் அட்டையிலேயே எழுதி வைக்கலாம். பார்சலுக்கும் இதே விதிதான். ஸ்பீடு போஸ்ட் அனுப்பினால் இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் மறுபடி இரண்டு எழுத்து என்று 13 இடங்கள் கொண்ட நம்பர் ரசீதில் இருக்கும். அதை அஞ்சல் துறையின் தளத்தில் நாமே போட்டுப் பார்க்க வேண்டும். "இன்னும் வரலை" என்று அவர் சொல்வதும், "போய்ச் சேர்ந்திருக்கும்" என்று நாம் சொல்வதும் பதில் ஆகாது.

பெயர் பொருத்தமும் ஒரு பிணைப்புதான். ஆதாரில் "செல்வி மு" என்றும், பாஸ்புக்கில் "மு. தமிழ்ச்செல்வி" என்றும் இருந்தால் நமக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். விண்ணப்பம் திரும்பி வரும். எந்த வேலையையும் ஆரம்பிக்கும் முன்னால் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். ஓ.டி.பி. எந்தப் போன் நம்பருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். வெளியூரில் வேலை செய்யும் மகனின் பழைய நம்பர் அதில் இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

குழுக் கணக்கிலும் ஒரு பிணைப்பு உண்டு. பல குழுக்களில் பேங்க் கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில் ஓடுகிறது. அதனால் கியூ.ஆர். ஒரு உறுப்பினரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் யார் கணக்கு என்று தீர்மானம் எழுதி, வந்த பணத்தை அன்றே குழு நோட்டில் வரவு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டுத் தொழிலில் பணத்துக்கு முன்னால் நம்பிக்கை போய்விடும்.

ஐந்தாவது வேலை: அறுந்தால் என்ன செய்வது?

எந்த இழையும் ஒரு நாள் அறும். அன்றைக்கு என்ன செய்வது என்று முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும்.

மாற்று வழி ஒன்று வையுங்கள். பணம் வாங்க இரண்டு ஆப் வைத்திருப்பது நல்லது. ஆனால் இரண்டும் ஒரே பேங்க் கணக்கில் இருந்தால், அந்த பேங்க் சர்வர் நின்றதும் இரண்டும் நின்றுவிடும். அது மாற்று வழி ஆகாது. வேறு பேங்கில் இருந்தால்தான் மாற்று.

பணம் நடுவில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். வாங்குபவர் கணக்கில் கழிந்து நமக்கு வரவில்லை என்றால், ஆளுக்கு ஆள் அனுப்பியதாக இருந்தால் மறுநாளுக்குள்ளும், கடைக் கணக்குக்கு அனுப்பியதாக இருந்தால் ஐந்து நாளுக்குள்ளும் அது திரும்பிப் போக வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-ல் விதி போட்டிருக்கிறது. அதனால் "நீங்க அனுப்புங்க, பணம் எப்படியும் வந்துடும்" என்று அவர் சொன்னாலும் காத்திருங்கள். வந்த பிறகு அனுப்புங்கள்.

திருப்பி எடுக்கும் வழியை எழுதுங்கள். சேலை திரும்பி வந்தால் பார்சல் செலவு யாருக்கு, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், பணம் எப்போது திரும்பும் என்பதைப் படம் போடும்போதே போட்டுவிடுங்கள். அனுப்பும் முன்னால் சேலையை விரித்து, முந்தி, பார்டர், சில்க் மார்க் அட்டை எல்லாம் தெரியும்படி போனில் வீடியோ எடுத்து வையுங்கள். சில்க் மார்க் என்பது அசல் பட்டு என்பதற்காக மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004-ல் வந்த முத்திரை. அட்டை உள்ள சேலைக்கு அசலா போலியா என்ற சண்டை குறையும்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த உடனே 1930 என்ற நம்பருக்கு அடியுங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது "பின் போடுங்க, பணம் வரும்" என்றால் அது நம் பணம் வெளியே போகும் வழி.

சேர்த்தே தருகிறவர்கள்

"இத்தனையும் நாமே பிணைக்கணுமா?" என்று கேட்பீர்கள். சேர்த்தே தரும் சேவைகளும் உண்டு. இது புதிதல்ல. முன்பு புத்தகங்கள் வி.பி.பி.யில் வந்ததை மூத்த சகோதரிகள் அறிவார்கள். தபால்காரர் பணத்தை வாங்கிக் கொண்டுதான் பார்சலைக் கையில் கொடுப்பார். பணமும் பொருளும் ஒரே முடிச்சில் இருந்ததால் ஸ்கிரீன்ஷாட்டுக்கு அங்கே இடமே இல்லை.

இன்று அந்த வேலையைப் பெரிய விற்பனைத் தளங்கள் செய்கின்றன. ஓ.என்.டி.சி. என்ற வலையமைப்பும் இருக்கிறது. மத்திய அரசின் முயற்சியில் 2021 டிசம்பர் 31-ல் லாப நோக்கில்லாத கம்பெனியாகப் பதிவானது. 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் சோதனை ஆரம்பித்தபோது நம் கோயம்புத்தூரும் அதில் ஒன்று. அதில் வாங்குபவர் ஒரு ஆப்பில் இருப்பார், விற்பவர் வேறு ஆப்பில் இருப்பார், பார்சல் எடுப்பவர் மூன்றாவது ஆள். பணத்துக்கு யு.பி.ஐ. செய்த வேலையை வியாபாரத்துக்குச் செய்யப் பார்க்கிறார்கள்.

சேர்த்துத் தருகிறவர்களிடம் நம் வேலை குறையும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. மொத்தம் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள்? பணம் எத்தனை நாளில் நம் கணக்குக்கு வரும்? பொருள் திரும்பினால் யார் செலவு? நாளைக்கு விலக நினைத்தால் நம் வாடிக்கையாளர் நம்பரும் படங்களும் நம்மிடம் இருக்குமா? உள்கடன் வட்டி மாதா மாதம் ஓடுகிறது. பணம் கைக்கு வர நாற்பது நாள் ஆனால், நல்ல விலை கிடைத்தும் லாபம் வட்டிக்குப் போய்விடும்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஊக்குநரும் பிரதிநிதிகளும் அடுத்த குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் தொழிலை ஐந்தாறு துண்டாக எழுதுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரில் மூன்றை எழுதுங்கள்: எந்தச் சேவை, அதன் பதில் யாரிடமிருந்து வர வேண்டும், அறுந்தால் என்ன வழி. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் இடம்தான் உங்கள் பணம் போகப் போகிற இடம். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பார்சல் கட்டுவது பல நேரம் அவர்தான்.

அந்தக் குழு இப்போது என்ன செய்கிறது என்று கேட்கிறீர்களா? வியாபாரத்தை விடவில்லை. ஒருவர் படம் போடுகிறார், ஒருவர் வரவைப் பார்க்கிறார், ஒருவர் பார்சல் கட்டுகிறார். வரவு பார்ப்பவர் நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பார்சல் கட்டுபவர் கத்தரிக்கோலை எடுப்பார். போன 8,400 ரூபாயை எல்லாரும் சமமாக ஏற்று, மாதச் சேமிப்போடு கட்டி வருகிறார்கள். யாரையும் தனியாகக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் குழு.

அவர்களின் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னதோடு முடிக்கிறேன்: "போன் யார் வேணா வாங்கலாம்மா. முடிச்சு போடறது நம்ம கையில இருக்கு. அதை நாம பார்த்துப் போடணும்."

சேர்ந்து செய்வோம், பார்த்துச் செய்வோம்.